கருவடிக்குப்பத்துக்குப் போன சிலாப்

1. சால்வையை உதறினால் மனு

புது அரசாங்கம் பதவியேற்ற மறுநாள் காலையில் எங்கள் பிரிவுக்கு மூன்று மூட்டை சால்வை வந்து இறங்கியது. புது அமைச்சர்களைப் பார்க்க வந்தவர்கள் போர்த்திய சால்வைகள். எங்கள் புதுச்சேரியில் சும்மா சால்வை போர்த்துகிறவர் யார் இருக்கிறார்? மடிப்புக்குள் ஒரு மனு இருக்கும். அதை எடுத்துப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை.

“மேடம், ஒண்ணு ஒண்ணா உதறிப் பாருங்க. ஒரு பேப்பர் கூட உள்ளயே தங்கிடக் கூடாது” என்றார் எங்கள் அண்டர் செக்ரட்டரி. வயதில் என்னைவிட இருபது வருஷம் சின்னவர். சிரிப்பதற்கு மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைத்திருப்பவர் போல இருப்பார்.

நான் மங்கையர்க்கரசி. குறைதீர் பிரிவில் கண்காணிப்பாளர். அப்போது ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி. முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் நான் பார்க்காத மனு இல்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு. அன்றைக்கு அரை நாள் முழுக்கத் தும்மிக்கொண்டே சால்வை உதறினேன்.

புது அரசாங்கம் எதைச் சரி செய்யவேண்டும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள டிவி விவாதம் பார்க்கத் தேவையில்லை. எங்கள் மேஜை முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். குழாயில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. படித்த பிள்ளைக்கு உள்ளூரில் வேலை இல்லை. ரேஷனில் அரிசி போடுங்கள். சனி ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகளை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள், எங்கள் வீட்டைவிட்டு நாங்களே வெளியே வர முடியவில்லை. மாநில அந்தஸ்து வாங்குங்கள் என்று ஒருவர் பதினாறு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் தன் தெரு நாய்களையும் கவனிக்கச் சொல்லியிருந்தார்.

முதலியார்பேட்டை அம்மா ஒருவர் நேரிலேயே வந்தார். “தெரு முனையில இருக்குற பாரை அந்தாண்ட தள்ளி வைங்க மேடம். அது முடியலன்னா என் வீட்டுக்காரரையாவது அந்தாண்ட தள்ளி வைங்க” என்றார். இரண்டையும் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று நாங்கள் உண்மையிலேயே யோசித்தோம்.

முன்பெல்லாம் மனு வந்தால் ஒரு கவரிங் லெட்டர் வைத்து, ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதித் தள்ளிவிடுவோம். அது நாலு ஆபீஸ் சுற்றிவிட்டு, அதே வாசகத்தோடு எங்களிடமே திரும்பி வரும். புது அரசாங்கம் அதற்கு முடிவு கட்டியது. எல்லாம் கம்ப்யூட்டரில். முப்பது நாளில் பதில். மனுதாரரின் வாக்காளர் அட்டை எண்ணை அடித்தால் பெயர், முகவரி, தொகுதி எல்லாம் தானாக வந்து உட்காரும். எண் இல்லை என்றால் அடுத்த கட்டத்துக்கே போகாது, டோக்கனும் வராது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முகவரி எழுதி எழுதித் தேய்ந்த விரல்கள் என்னுடையவை.

2. ஓட்டு இல்லாத முசே

அடுத்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை பேண்ட், மடிப்பு கலையாத சட்டை, கையில் தொப்பி. எழுபது வயது தாண்டியிருக்கும். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பெயர் அருளானந்தம். தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா.

“போன்ழூர் மதாம். என் மனு சின்ன மனு” என்று பிரெஞ்சு வணக்கத்தோடு நீட்டினார்.

உண்மையிலேயே சின்ன மனுதான். ஆனால் அதோடு ஒரு வரைபடம் இருந்தது. முதலியார்பேட்டையில் அவர் வீட்டு வாசலில் ஓடும் வாய்க்கால், அதன் மேல் உடைந்துபோன சிமென்ட் சிலாப், நீளம், அகலம், கனம், எல்லாம் சென்டிமீட்டரில். சக்கர நாற்காலி ஏறுவதற்கு எத்தனை சாய்வு வேண்டும், கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதுவரை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்.

“வீட்ல யாருக்குங்க சக்கர நாற்காலி?”

“என் மனைவி ரோசாலிக்கு. இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆபரேஷன் ஆச்சு. தினம் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொல்றார். எப்படிக் கூட்டிட்டுப் போறது? வாசல்ல வாய்க்கால் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. ஒரு நாள் நாலு பேர் நாற்காலியோட தூக்குனாங்க. ஒருத்தர் கால் வழுக்கி வாய்க்கால்ல எறங்கிட்டாரு. அதோட அவ பயந்துட்டா. பயிற்சிக்காரரை வீட்டுக்கே கூப்பிட்டா, மெஷின் எல்லாம் அங்கதான் இருக்குங்கறார். இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள நடக்க ஆரம்பிக்கலன்னா அப்புறம் நாற்காலியேதான்னு சொல்லிட்டாங்க.”

“ஒரு பலகை போட்டுப் பாக்கலாமே?”

“பலகை ஒடஞ்சுது. நானே காசு போட்டு சிலாப் போட்டேன். பொது வாய்க்கால் மேல தனியார் கை வைக்கக் கூடாதுன்னு ஆளுங்க வந்து பேத்து எடுத்துட்டாங்க. சரி, சட்டம் சட்டம்தான். அதான் சட்டப்படி வந்திருக்கேன்.”

நான் கீபோர்டில் கை வைத்தேன். “வாக்காளர் அட்டை எண் சொல்லுங்க.”

“இல்ல.”

“தொலைஞ்சுடுச்சா?”

“எனக்கு இங்க ஓட்டே இல்ல மதாம். நான் பிரெஞ்சு நேஷனாலிட்டி, ரோசாலியும் அப்படித்தான். பிரான்ஸ் பிரசிடெண்ட் தேர்தலுன்னா கான்சுலேட்டுல வரிசையில நின்னு ஓட்டுப் போடுவேன். ஆனா வாய்க்கால் இங்க இல்ல இருக்குது? பாரீசுக்கு எழுதினா சிலாப் போடுவாங்களா?”

பக்கத்து வீட்டுக்காரர் எண் கிடைக்குமா என்று கேட்டேன். வலது பக்க வீடு பூட்டிக் கிடக்கிறதாம், குடும்பமே பாரீசில். இடது பக்கம் காலி மனை. எதிரே பள்ளிக்கூடத்து மதில்.

மனுவைத் திருப்பிக் கொடுப்பதுதான் விதி. காலையிலிருந்து அப்படி ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். ஆனால் அந்த வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அந்த மனிதர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு, நான் ஏதோ டாக்டர் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பையிலிருந்து என் சொந்த வாக்காளர் அட்டையை எடுத்தேன். எண்ணை அடித்தேன். என் பெயர் வந்தது, கருவடிக்குப்பத்து வீட்டு முகவரி வந்தது. விவரம் என்ற பெட்டியில் முசே பெயரையும் அவர் முகவரியையும் தெளிவாக அடித்து, வரைபடத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்தேன். டோக்கன் வந்தது.

“முப்பது நாள்ல வந்துடும் முசே. நான் கேரண்டி” என்றேன்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு ஒரு காபி அதிகமாகக் குடித்தேன்.

3. ஐந்துக்கு ஐந்து

இருபத்தைந்தாவது நாளோ என்னவோ, சாயங்காலம் வீடு திரும்பினேன். எங்கள் வாசலில் இரண்டு புத்தம் புது சிலாப். வழவழவென்று சாய்வுதளம். பக்கத்தில் நீலப் பெயின்ட் அடித்த கைப்பிடி.

என் கணவர் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். எதையும் மைதானத்தில் நின்று பேசுவதுபோல்தான் பேசுவார். “வா மங்கை! எப்படி இருக்குது? காலையில நீ கிளம்பின அரை மணி நேரத்துல லாரி வந்துடுச்சு. நான்தான் கூட நின்னு இடம் காட்டினேன். லெஃப்ட் கொஞ்சம், ரைட் கொஞ்சம்னு சொல்லி அப்படியே நேரா எறக்க வெச்சேன். ஆளுங்களுக்கு டீ, வடை எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு.”

நான் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. “யாருன்னு கேக்க மாட்டீங்களா? நம்ம வீட்டுக்கு எதுக்கு இதுன்னு கேக்க மாட்டீங்களா?”

“பேப்பர்ல உம்பேரு, நம்ம அட்ரஸ் எல்லாம் கரெக்டா இருந்துச்சே. ரிட்டையர் ஆகப்போற, வயசான காலத்துக்கு இருக்கட்டும்னு நீதான் சொல்லாம கொள்ளாம ஏற்பாடு பண்ணிட்டேன்னு நெனச்சேன். சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப சந்தோஷப்பட்டேன்.”

என்ன நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வேலைக்கு வந்தவர்கள் மேலே இருக்கும் முகவரியை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கீழே விவரப் பெட்டியை யாரும் படிக்கவில்லை. நாங்கள் மட்டும் என்ன, படித்தா கவரிங் லெட்டர் வைத்தோம்? வரைபடத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். சிலாப்பை முசேயின் சென்டிமீட்டர் பிசகாமல் வார்த்திருந்தார்கள். எங்கள் வாய்க்கால் சின்னது. அதனால் சிலாப் தெருப் பக்கம் முக்கால் அடி நீட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் அதில் ஏற்கெனவே இரண்டு முறை கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, அதைப் பெருமைக்காக மறைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கலா அக்கா மதில் மேல் தலையை நீட்டினாள். “ஏம்மா மங்கை, உங்க வீட்ல யாருக்கு சக்கர நாற்காலி? அண்ணன் காலையில கூட ஓடிட்டு வந்தாரே.”

“இல்லக்கா, இது ஒரு தப்பு…”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கவர்ன்மென்ட் மாறிச்சு, எங்களுக்கும் ஏதாவது மாறும்னு பாத்தோம். உங்க வாசல் மாறிச்சு. நல்லா இருங்க.”

தெருவே என் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனது. முப்பத்து நான்கு வருஷம் ஒரு பேனா ரீஃபில் கூட வீட்டுக்கு எடுத்து வராதவள் நான். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய இடி இன்னும் பாக்கி இருந்தது.

“மெசேஜ் கூட வந்துச்சு மங்கை” என்றார் என் கணவர். வாக்காளர் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு அவருடைய செல் எண்தான். “உங்கள் குறை தீர்ந்ததா, எத்தனை மார்க் போடுவீர்கள்னு கேட்டாங்க. அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து மார்க் விழுந்துவிட்டால் மனு குளோஸ். குளோஸ் ஆன மனுவை யாராலும் திறக்க முடியாது. அதே வேலைக்கு இன்னொரு மனு போட்டால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். முசேக்கு டாக்டர் கொடுத்த இரண்டு மாதத்தில் ஒரு மாதம் அதற்குள் ஓடிவிட்டது.

4. எங்க சிலாப் நல்லா இருக்குதா?

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் முன் முதலியார்பேட்டைக்குப் போனேன். வாய்க்கால் நிஜமாகவே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதைத் தாண்ட நானே புடவையைத் தூக்கிக்கொண்டு எட்டி அடி வைக்கவேண்டியிருந்தது.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ரோசாலி அம்மா. பூப்போட்ட கவுன், கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. “ஏங்க, ஆபீஸ் மேடம் வந்துட்டாங்க! சிலாப் வந்துடுச்சு போல!” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

எப்படியோ எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் எண்ணை அடித்தது, என் வீட்டுக்கு லாரி வந்தது, வடை வாங்கிக் கொடுத்தது, ஐந்து மார்க். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

ரோசாலி அம்மா கேட்டார்: “எங்க சிலாப் நல்லா இருக்குதா மேடம்?”

“நல்லா இருக்குதுங்க. கைப்பிடி கூட வெச்சிருக்காங்க.”

“கைப்பிடி இன்னா கலரு?”

“நீலம்.”

“நீலமா! எனக்குப் புடிச்ச கலரு” என்று சிரிக்க ஆரம்பித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். முசே மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் நாள்களைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே வந்திருந்தார்.

அந்தச் சிரிப்பைக் கூடத் தாங்கிவிட்டேன். அந்தக் காலண்டரைத் தாங்க முடியவில்லை. நேரே ஆபீஸுக்குப் போய் எங்கள் அண்டர் செக்ரட்டரி அறைக் கதவைத் தட்டினேன்.

5. மெமோவும் லாரியும்

அவர் முழுவதையும் கேட்டார். முகம் சிவந்துகொண்டே வந்தது.

“மேடம், அரசாங்க ரெக்கார்டுல தப்பான பதிவு போட்டிருக்கீங்க. உங்க சொந்த வீட்டுக்கு வேலை நடந்திருக்குது. வெளிய தெரிஞ்சா பேப்பர்ல வரும். ரிட்டையர்மென்ட் நேரத்துல சார்ஜ் மெமோ வாங்கணும்னு ஆசையா?”

“மெமோ குடுங்க சார், வாங்கிக்கறேன். தப்பு என்னுதுதான். ஆனா முதல்ல அந்தம்மாவுக்கு சிலாப் குடுங்க. மெமோ ஒரு மாசம் கழிச்சு வந்தா யாருக்கும் கால் போகாது.”

இப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அவருக்கு ஏன் ஓட்டு நம்பர் இல்ல?”

சொன்னேன்.

“இது மாதிரி வேற யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கீங்களா?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். கல்யாணமாகி வந்து பெயர் இன்னும் அம்மா வீட்டுப் பட்டியலிலேயே இருக்கும் பெண்கள். வாடகைக்கு வந்த குடும்பங்கள். பதினேழு வயதுக் கல்லூரிப் பிள்ளைகள். கட்டட வேலைக்கு வந்த வெளிமாநில ஆட்கள். வேறு சொல்தா குடும்பங்கள். அத்தனை பேரிடமும் ‘நம்பர் இல்லன்னா எடுக்காதுங்க’ என்று ஒரே குரலில் சொல்லி அனுப்பியவள் நான்.

அவர் அன்றைக்கே ஃபைல் போட்டார். வாக்காளர் எண் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டாலும் மனு எடுக்கப்படும் என்று மாற்ற இரண்டு வாரம் பிடித்தது. சிலாப்புக்கு அத்தனை நாள் காத்திருக்க முடியாது. சம்பந்தப்பட்ட ஜூனியர் இன்ஜினியரை போனில் பிடித்தார்.

“சார், சைட்ல எல்லாம் பக்காவா இருந்துச்சே” என்று அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டது. “ஒரு ஐயா விசில் வெச்சுக்கிட்டு நின்னு இடம் காட்டினாரு. டீ கூட வாங்கிக் குடுத்தாரு.”

விசில் விஷயத்தை என் கணவர் என்னிடம் சொல்லவே இல்லை.

புதிதாக வார்த்தால் காய்ந்து எடுக்க நாளாகும். வார்த்தது முசேயின் அளவு. எனவே அதே லாரி கருவடிக்குப்பத்துக்கு மறுபடி வந்தது. சிலாப்பைப் பெயர்த்தார்கள், கைப்பிடியைக் கழற்றினார்கள், எங்கள் பழைய சிலாப்பைப் பழையபடி வைத்தார்கள். தெருவே கூடி நின்றது. கலா அக்காவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. “நான் ஏதோ வாய் தவறிச் சொன்னதுக்காகவா மங்கை திருப்பி அனுப்புற? இருக்கட்டும்னு சொல்லும்மா” என்றாள். என் கணவர் லாரியிலேயே ஏறி முதலியார்பேட்டைவரை போனார். அங்கேயும் விசில் ஊதியதாகக் கேள்வி.

சிலாப் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. மறுநாள் காலையில் ரோசாலி அம்மா அதன் மேல் உருண்டு போய் ஆட்டோ ஏறினார், நேரே நடைப் பயிற்சிக்கு. டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எனக்கு மெமோவும் வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘எதிர்காலத்தில் கவனமாக இருக்கவும்’ என்று எச்சரித்து முடித்துவிட்டார்கள். எதிர்காலம் என்று எனக்கு இருந்ததே ஆறு மாதம்தான்.

6. கீழே இறங்கியது

மேலும் இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை, மனு நாள். முசே மூச்சு வாங்க என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ரோசாலி வந்திருக்கா மதாம். உங்களுக்குக் கேக் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கா. இப்போ வாக்கர் புடிச்சு வீட்டுக்குள்ள நடக்கறா. ஆனா மேல வர முடியல. கீழ இருக்கா.”

இறங்கிப் போனேன். எங்கள் அலுவலக வாசலில் செங்குத்தாக ஆறு படி. நாற்காலியில் ரோசாலி அம்மா, மடியில் கேக் டப்பா. அதன் மேல் ஒரு காகிதம்.

“கேக் உங்களுக்கு. மனு உங்க ஆபீசருக்கு. நானே எழுதினேன்.”

மூன்றே வரி. இந்த அலுவலக வாசலில் ஆறு படிகள் உள்ளன. என்னால் ஏற முடியவில்லை. என்னைப் போன்றவர்கள் மனுவை எங்கே கொடுப்பது?

அதற்குள் எங்கள் அதிகாரியும் பின்னாலேயே வந்துவிட்டார். படியிலேயே நின்று மனுவைப் படித்தார். திரும்பி அந்த ஆறு படிகளையும் பார்த்தார். நானும் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் தினமும் ஏறி இறங்கிய படி.

“சாய்வுதளத்துக்கு எஸ்டிமேட் போடச் சொல்லுங்க மேடம். அதுவரைக்கும் மேஜையைக் கீழ எறக்குங்க. இன்னைக்கே” என்றார். அப்புறம் முதல் முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். கேக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேஜையைத் தூக்கிவந்து வாசல் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தோம். கால் மணி நேரம் ஆகியிருக்காது. எதிர்ச்சாரியில் நடைபாதையில் பூ விற்கும் அஞ்சலை, சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பியவள், சக்கரம் வைத்த பலகையில் தெருவைக் கடந்து மேஜைக்கு வந்தாள். என் தலையில் அன்றைக்கு இருந்த பூவே அவளிடம் வாங்கியதுதான்.

“மனு எழுதிக்குவீங்களாக்கா? எனக்கு அஞ்சு வருஷமா உதவித்தொகை நின்னு போச்சு.”

“அஞ்சு வருஷமாவா? அடிப்பாவி, தினமும் என்னைப் பாக்குற, பேசுற. எதிர்லதானே இருக்கோம். ஒரு நாள் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “நீங்க மேல இல்ல இருந்தீங்க” என்றாள்.

எத்தனையோ மாத அறிக்கைகளில் ‘மாற்றுத்திறனாளிகளிடமிருந்து மனு ஏதும் வரவில்லை’ என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். அந்த வரியை எழுதுவதற்கு முன் எழுந்து, ஒரு தடவை படி இறங்கிக் கீழே போய்ப் பாருங்கள்.